மானிட்டருக்குத் தனிச் சத்தம்

எங்கள் அடுக்ககத்தில் அவரை எல்லோரும் ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் சொன்னார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை அதை எழுதி நான் செய்த கேடு போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஒரு பொய்யால் அவருக்கு எங்கள் கேட் மூடியது. பெங்களூரு அடுகோடியில் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் அடுக்ககத்தில் அறுபத்து நான்கு வீடுகள். அவருடைய பிழைப்பில் பெரும்பகுதி அந்த அறுபத்து நான்கு வீடுகளில்தான் இருந்தது. அது தெரிந்துதான் செய்தேன். எனக்கு எழுபத்தாறு வயது; மாநில அரசில் முப்பது வருடத்துக்கு மேல் அதிகாரியாக இருந்தவன்; இரண்டு பட்டம் படித்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்த வழியும் இல்லை.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளமான உடம்பு, வேகமான நடை. விவேக் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே லிஃப்டில் ஏறி, வீட்டு வாசலில் வந்துதான் கழற்றுவார். பையில் ரப்பர் உறை போன ஒரு பழைய ஈயர்போன் இருக்கும். சத்தம் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அதை ஒவ்வொரு துளையிலும் செருகிக் காதில் வைத்துப் பார்ப்பார். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

“யார் என்ன பண்ணீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அவர் எதையும் தொடமாட்டார். “நாங்க ஒண்ணும் தொடலைங்க” என்று சொல்லிவிட்டால் போதும், கோபம் வந்துவிடும். கத்துகிற கோபம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். “ஆளைத் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் மிசினு சுலபம்” என்பார்.

மூன்றாம் மாடியில் ஒரு வங்கி அதிகாரி இருந்தார். சங்கத்துக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கம்ப்யூட்டர் அக்கா அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“திடீர்னு சத்தம் போயிடுச்சு மேடம்.”

“திடீர்னு போறதுக்கு அது என்ன கரண்ட்டா? யார் என்ன பண்ணீங்க?”

“சத்தியமா ஒண்ணும் பண்ணலை.”

“அப்போ நான் இங்க உக்காந்திருக்கேன். உங்களுக்கு ஞாபகம் வரட்டும்.”

பால்கனிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கு மீட்டிங் நேரம் நெருங்கியது. கடைசியில் சமையலறையிலிருந்து அவருடைய மனைவி, “நேத்து டிவியைக் கொண்டாந்து இதுல மாட்டிப் படம் பாத்தீங்களே, அதைச் சொல்லித் தொலைங்களேன்!” என்றார்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இன்னும் அந்த டிவிக்கே சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மானிட்டருக்குத் திருப்பிவிட அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“வயரைப் புடுங்கினதுக்கு யாரும் உங்களை ஜெயில்ல போடப்போறதில்ல சார். போன்லயே சொல்லியிருந்தா நான் அங்கிருந்தே சரிபண்ணியிருப்பேன். சும்னே, காரணமே இல்லாம ஒரு பொய்.”

வங்கி அதிகாரியின் முகத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். அடுத்தவன் மாட்டிக்கொள்ளும்போது சிரிப்பது எவ்வளவு சுலபம்.

அந்த விதியைக் கம்ப்யூட்டர் அக்கா தனக்கும் வைத்திருந்தார். என் மனைவிக்குச் சர்க்கரையால் கண் போனது. முதலில் ஒன்று, ஆறு மாதத்தில் மற்றொன்று. அவள் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி கீபோர்டில் சில விசைகளின்மேல் சின்னச் சின்னப் புள்ளிகளை அவர் ஒட்டிக்கொடுத்தார். சத்தத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, நிறுத்த ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே வந்து நின்றார்.

“அம்மா, ஒரு புள்ளியை மாத்தி ஒட்டிட்டேன். சர்ச்சுல பூசைக்கு முழங்கால் போட்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. என் தப்பு.”

“அதுக்காகவா கோயில்லேருந்து ஓடிவந்தே?” என்றாள் என் மனைவி.

“நீங்க ஒண்ணு அமுக்கி வேற ஒண்ணு ஆனா, நம்மளாலதான் கெட்டுச்சுன்னு நெனைப்பீங்கல்ல?”

ஒரு தவறைச் செய்தவர் அதை ஒப்புக்கொள்ளாத இடத்தில் அவரால் இருக்க முடியாது. அவருடைய மொத்தக் குணமும் அதுதான். அதை வைத்துத்தான் நான் அவரைக் கவிழ்த்தேன்.

என் மனைவி பெரிய வாசகி. கண் போனபின் இரண்டு வருடம் நான்தான் அவளுக்குத் தினமும் மாலையில் கதை படித்துக்காட்டினேன். நன்றாகப் படிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அலுப்பாக இருக்கிற இடங்களில் இரண்டிரண்டு பக்கமாகத் தாண்டிவிடுவேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் அக்கா ஒருநாள் புத்தகங்களைத் தானே படித்துச் சொல்கிற ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தார். இரும்புக் குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது. இரண்டு நாளில் என் மனைவிக்கு அதுவே போதும், நான் வேண்டாம் என்றாகிவிட்டது.

அடுத்த முறை கம்ப்யூட்டர் அக்கா வந்திருந்தபோது என் மனைவியிடம், “இதோட உச்சரிப்பைக் கேட்டியா? எருமை மாதிரி இருக்கு” என்றேன்.

“இருக்கட்டும். இது பக்கத்தைத் தாண்டாது. பெருமூச்சு விடாது.”

கம்ப்யூட்டர் அக்கா சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். இரண்டு பெண்களும் என் வீட்டில், என் முன்னால், என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குத் தோன்றியது. என் மனைவியால் என்னைப் பார்க்கவே முடியாது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஸ்பீக்கர் கரகரத்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் துளை துருப்பிடித்துவிட்டது என்று ஈயர்போனை வைத்துக் கண்டுபிடித்தார். மானிட்டரின் பின்னாலும் சத்தத்துக்கு ஒரு துளை உண்டாம். ஸ்பீக்கர் வயரை அங்கே மாற்றிச் செருகினார். கம்ப்யூட்டரிலும் சத்தம் மானிட்டர் வழியாகப் போகும்படி வைத்தார். போகும்போது என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்.

“சார், ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இப்ப மானிட்டருக்குன்னு தனிச் சத்தம் இருக்கு. அம்மா கீபோர்டுல கூட்டறது குறைக்கறது வேற, இது வேற. அடியில விரலை விடுங்க, இந்தப் பட்டன். இதை நூறுலயே வச்சிருக்கேன். இது குறைஞ்சா அம்மா அங்க எவ்வளவு கூட்டினாலும் ஒண்ணும் கேக்காது.”

மறுநாள் காலை என் மனைவி குளிக்கப் போனபோது நான் மானிட்டருக்கு அடியில் விரலை விட்டேன். ஒரு அழுத்தத்துக்கு ஐந்து இறங்கியது. இருபது முறை அழுத்தினேன். பத்தாவது முறையில் நிறுத்தியிருக்கலாம், பதினைந்தாவதில் நிறுத்தியிருக்கலாம். திரையில் பூஜ்யம் வரும்வரை அழுத்தினேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. புள்ளியைத் தடவி, கூட்டுகிற விசையை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். ஸ்பீக்கர்மேல் கை வைத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்கவும் மறுநாள் மதியம்வரையும் அவள் அவ்வப்போது வந்து அந்த விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போது அந்தப் பேப்பரை அன்று அங்கே உட்கார்ந்திருந்த அந்த ஆளின் கையிலிருந்து பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல இருக்கிறது.

“நான் படிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். அந்தப் பொண்ணு வந்து சரிபண்ணுவா.”

அந்தப் பதிலில்தான் எனக்கு வெறி ஏறியது. போனை எடுத்து அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். இன்னார் வந்து கை வைத்ததிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரில் சத்தம் அடியோடு போய்விட்டது. கண் தெரியாத என் மனைவி இரண்டு நாளாகத் தவிக்கிறாள். தகுதியில்லாதவர்களை உள்ளே விடுமுன் சங்கம் யோசிக்க வேண்டும். முழுப்பெயரும் போட்டேன்.

சங்கச் செயலாளர் கன்னடக்காரர், இரண்டாம் மாடியில் இருப்பவர், என்மேல் மரியாதை உள்ளவர். அன்று மாலையே கம்ப்யூட்டர் அக்காவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஈயர்போனைக்கூட எடுக்கவில்லை. மானிட்டரின் அடியில் விரலை விட்டார். திரையில் பூஜ்யம் வந்தது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“யார் அமுக்கினது சார்?”

“யாரும் அமுக்கலை.”

“இது தானா இறங்காது. அம்மாவுக்கு இந்தப் பட்டன் இருக்கறதே தெரியாது. நான் காட்டினது உங்க ஒருத்தருக்குத்தான்.”

“நான் பொய் சொல்றேங்கிறியா? நீதான் போகும்போது என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கே.”

அதுவரை நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

“முதல்ல சத்தத்தை வரவைம்மா. அப்புறம் நீங்க சண்டை போட்டுக்குங்க.”

அவளுக்காக அவர் தன் விதியை மீறினார். பதில் வராமலே மானிட்டரைத் தொட்டார். கோபத்தில் படபடவென்று இருபது முறையும் அழுத்தினார். வழக்கமாகக் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் மற்றதைக் கூட்டுவார். அன்று அதை மறந்துவிட்டார். என் மனைவி இரண்டு நாளாக அழுத்தி அழுத்திக் கம்ப்யூட்டரின் சத்தத்தை உச்சியில் வைத்திருந்தாள். அந்த இரும்புக் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கருக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அலறிவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சரிந்தவளை நான்தான் பிடித்தேன்.

“காதே போச்சே! இருக்கிறது அது ஒண்ணுதானே எனக்கு! நீ இனிமே இங்க வராதேம்மா. வரவே வராதே.”

கம்ப்யூட்டர் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் மனைவியின் முன்னால் குனிந்தார்.

“என் தப்பும்மா. பாக்காம பண்ணிட்டேன். என் தப்புதான்.”

செயலாளர் என் பக்கம் திரும்பி, கன்னடமும் தமிழுமாக, “அவளே ஒப்கொண்டுபிட்டாளே, இன்னேனு சார், இன்னும் என்ன வேணும்? விடுங்க” என்றார்.

அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு நொடித் தவறை. செயலாளர் அதை எல்லாவற்றுக்கும் சேர்த்துக்கொண்டார். அவர் தெரியாமல் சேர்த்தார். எனக்குத் தெரியும். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மனைவியின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவனைப் போல, பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

கம்ப்யூட்டர் அக்கா நிமிர்ந்தார். “அதுக்கு மட்டும்தான் சார் நான் தப்புன்னு சொன்னேன்” என்றார். செயலாளர் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு போனார்.

எங்கள் கேட்டில் ஒரு ஆப் உண்டு. வேலைக்கு வருகிறவர்களின் படம், பெயர், யார் வரலாம், யார் வரக்கூடாது எல்லாம் அதில்தான். மறுநாள் அவருடைய படத்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரு வாரம் கழித்து நான்காம் மாடிக்காரர் கூப்பிட்டு அவர் வந்தபோது, செக்யூரிட்டி போனைக் காட்டித் திருப்பி அனுப்பியதை பால்கனியிலிருந்து பார்த்தேன். அவர் வாதாடினார். அந்த வடகிழக்குப் பையனுக்கு அவர் பேசியது புரியவில்லை. உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தினேன். என் செய்தியைச் செயலாளர் பக்கத்து அடுக்ககங்களுக்கும் அனுப்பியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் மனைவி சத்தத்தைக் கூட்டவேயில்லை. பயம். முணுமுணுப்பாக வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரோடு காதை ஒட்டி, கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். ஒன்றேகால் வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லவைத்தது என் மனசாட்சி என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. ஒருநாள் அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, “அந்தப் பொண்ணு இருந்தா இதுக்கு ஒரு வழி பண்ணியிருப்பா. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசி விரட்டிட்டேன். பாவி நான்” என்றாள்.

என் பாவத்தை அவள் எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது தாங்கவில்லை. சொன்னேன். இருபது அழுத்தம், பேப்பர், குழுச் செய்தி எல்லாம்.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை அவள் கீழே இறக்கினாள். பிறகு கேட்டாள்: “ரெண்டு நாள் நான் அந்த விசையை அமுக்கிக்கிட்டு இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான்.”

“பக்கத்துலயே.” நாற்காலியை என் பக்கம் திருப்பி, “என்கிட்ட சொன்னது போதாது. அவகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என்கிட்ட பேச வேண்டாம்” என்றாள்.

அவர் விவேக் நகர் வீட்டைக் காலிசெய்துகொண்டு ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் மாறிப் போனேன். ஒரு மொபைல் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். எதிரே லேப்டாப்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ கழற்றுவதைத் தொடர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முன்னாலேயே, என் மனைவியின் கழுத்து வலிவரை எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன்.

“தெரியும் சார்.”

“அன்னைக்கே நீங்க அழுத்திச் சொல்லியிருந்தா...”

“சொன்னேனே. நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க.” ஸ்க்ரூவை மூடியில் போட்டார். “எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. தெரியாதவங்க அங்க அறுபத்திநாலு வீட்டுல இருக்காங்க. பக்கத்து அபார்ட்மென்ட்டுல இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்றதுக்கு பஸ்ஸே வேண்டாமே?”

நின்றிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அக்கா ஒரு சீட்டை நீட்டி, “இது என் நம்பர். அம்மாவுக்குக் கழுத்து வலிக்குதுன்னீங்களே, போன்லயே வழி சொல்றேன். அவங்களைப் பேசச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அதே குழுவில் எழுதினேன். முதலில் எழுதியதில் ‘வயது’, ‘மன அழுத்தம்’ என்றெல்லாம் வந்தது. அழித்தேன். சத்தத்தை நிறுத்தியது நான், பழியை அவர்மேல் போட்டது நான், அவருடைய பெயரை நீக்குங்கள், பக்கத்து அடுக்ககங்களுக்கும் இதை அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினேன்.

“பரவாயில்லை அங்கிள், பழைய விஷயம்” என்றார் ஒருவர். நான்கு பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள். ஒருவர் என் நேர்மையைப் பாராட்டினார். நேர்மை! அந்தப் போனை வீசி எறியலாமா என்றிருந்தது. செயலாளர் நேரில் வந்து, “யாகே சார் இதெல்லா, ஏன்? டிலீட் மாடிபிடி” என்றார். அழிக்கமாட்டேன் என்றேன். மூன்று நாள் அவர் பின்னாலேயே அலைந்து, சிவப்புக் கோட்டை எடுக்கவைத்து, பக்கத்து அடுக்ககங்களுக்கும் அனுப்பவைத்தேன்.

என்னைப் பேச வேண்டாம் என்று கம்ப்யூட்டர் அக்கா சொல்லியிருந்தும், அந்தச் செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன்.

“உங்க பேரை எடுத்தாச்சும்மா. இனிமே நீங்க தாராளமா வரலாம்.”

“வரலாமா?” என்றார். “வராதேன்னாலும் நீங்கதான், வரலாம்னாலும் நீங்கதானா? உங்க கேட்டு தொறந்துச்சுன்னா நான் ஓடி வந்துடணுமா சார்? என் பேரு சுத்தமாச்சு, அது எனக்கு வேணும். அதை எடுத்துக்கறேன். உங்க பில்டிங் எனக்கு வேண்டாம்.”

வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான். இவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று நெஞ்சு கொதித்தது. மானிட்டரின் அடியில் விரலை விட்டபோது இருந்த அதே சூடு. எழுபத்தாறு வயதில், செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், அது கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. அதைக் கண்டுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். நான் சந்தாபுரா போய்வந்த பிறகும் பேசாதிருந்தவள், பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“என்ன சொன்னா? வராளாமா?”

‘மெதுவாக வருகிறேன் என்று சொன்னாள்’ என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும் கௌரவமாக இருக்கும்.

“வரமாட்டாங்களாம்” என்றேன்.

“சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றாள் அவள்.